சர்க்கரை சரியாகத்தான் இருந்தது

என் கணவருக்குக் காய்ச்சல் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார். கைகாலெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறது என்றார். ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருந்த வாரம் அது. நான் கணக்கு எடுக்கும் எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மூன்று நாளில் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் பெயர் ராஜாங்கம். வயது ஐம்பத்து நான்கு. கண்டரமாணிக்கத்தில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறார். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. எட்டு மாதத்துக்கு முன்பு, பழைய மாத்திரைகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தார் எங்கள் டாக்டர். ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. (இந்த வகை மாத்திரைகளின் மருந்துப் பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடியும்.) வருடக்கணக்கில் இறங்காத சர்க்கரை இறங்கியது. பேண்ட் இடுப்பில் தளர்ந்தது. அந்த மாத்திரையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

வீட்டில் மாத்திரைக்குப் பொறுப்பு நான். அவரிடம் விட்டால் மறந்துவிடுவார். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் கையில் கொடுத்து, தொண்டையில் இறங்கும்வரை எதிரே நிற்பேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

புதன்கிழமை கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார், வாந்தி எடுத்தார். வியாழக்கிழமை காலை நான் மாத்திரையை நீட்டியபோது கையை நகர்த்திவிட்டார்.

“சோறே எறங்கல. இதுக்கு மாத்திரை வேறயா?”

“காய்ச்சல் வந்தாத்தான் சுகர் ஏறும்ங்க. இந்த நேரத்துல விட்டீகன்னா எங்குட்டுப் போயி நிக்கும்னு சொல்ல முடியாது. முழுங்குங்க.”

முழுங்கினார். நான் சொன்னது முழுப் பொய்யில்லை. காய்ச்சலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எனக்குத் தெரிந்தது பாதி.

வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி உண்டு. வியாழன் நூற்று எழுபத்திரண்டு. வெள்ளி நூற்று அறுபத்தைந்து. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு அடங்கிவிடும். பக்கத்துத் தெரு டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு, “சுகர் கட்டுப்பாட்டுல இருக்கு. வைரல் காய்ச்சல்தான், தண்ணி நிறையக் குடுங்க” என்று காய்ச்சல் மாத்திரை எழுதித் தந்தார். வெள்ளி சாயங்காலம் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி என்றார். வெறும் வயிறு, அதனால் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குன்றக்குடி மலை ஏறி வந்தவர் மாதிரி, ஆழமாக, விடாமல். சர்க்கரை நூற்று எழுபத்தெட்டு. மாத்திரையைக் கொடுத்தேன். மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பத்து மணி வாக்கில் என்னை நிமிர்ந்து பார்த்து, “மோட்டார் நாளைக்குத்தாம்மா கெடைக்கும். வீட்ல ஆம்பளையாள அனுப்புங்க” என்றார்.

இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவள் நான். கடைக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசும் மரியாதையோடு என்னிடம் பேசினார். அவருடைய தம்பி முருகேசனுக்குப் போன் போட்டேன். அவர் கார் எடுத்து வந்தார். காரைக்குடிக்குப் போகும் வழியெல்லாம் என் கணவரின் மூச்சைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலைத்தான் குத்தினார்கள். நூற்றுத் தொண்ணூறு. குத்திப் பார்த்த நர்ஸ், “சுகர் பரவாயில்லக்கா” என்றார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் சளி தெரிந்தது. மூக்கில் எடுத்த சோதனையில் இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்) என்று வந்தது. பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர் மட்டும் கட்டில் ஓரத்தில் நின்று, இவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆக்சிஜன் அவ்வளவு குறையலையே. அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குறார்?” என்றவர் என்னிடம் திரும்பினார். “என்ன மாத்திரை சாப்பிடுறார்?”

பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் தனியாக எடுத்தார்.

“இது கடைசியா எப்போ சாப்பிட்டார்?”

“இன்னைக்குக் காலையில. நான்தான் குடுத்தேன்.”

“சாப்பாடு?”

“நாலு நாளா ஒண்ணும் எறங்கல.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நர்ஸைக் கூப்பிட்டு வேறு சில ரத்தச் சோதனைகளைச் சொன்னார். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. கீட்டோ அசிடோசிஸ். (உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அதில் உண்டாகும் அமிலம் ரத்தத்தில் சேர்வது.)

“சர்க்கரை நல்லாத்தான இருந்துச்சு டாக்டர்?” என்று கேட்டேன். அதே கேள்வியை வேறு வேறு மாதிரி இன்னும் இரண்டு தடவை கேட்டேன்.

“சாதாரணமா இது வந்தா சர்க்கரை நானூறு, ஐநூறு இருக்கும். எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க. இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர்ல தள்ளிக்கிட்டே இருக்கு. அதனால மீட்டர்ல நம்பர் நல்லா இருக்கும், உள்ளே அமிலம் ஏறிக்கிட்டே இருக்கும். நல்ல மாத்திரைதாம்மா. ஆனா சாப்பிட முடியாத நாள்ல நிறுத்தியிருக்கணும்.”

எங்கள் டாக்டர் இதை முன்பே சொன்னாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அதில் இல்லை. வாயால் சொல்லியிருக்கலாம். அன்று அறை முழுக்கக் கூட்டம். நான் கவனித்திருக்க மாட்டேன். எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கையில் இன்சுலினும் மறு கையில் குளுக்கோஸும் ஏற்றினார்கள். கண்ணாடி வழியே பார்த்த முருகேசன் பதறிப்போனார்.

“மதினி, சுகர்காரருக்குப் போயி குளுக்கோஸ் ஏத்துறாக. கேளுங்க.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. நாலு நாளாக எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்ததன் விளைவு உள்ளே கிடந்தது. அமிலம் இறங்க இன்சுலின் வேண்டும், இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை மிகவும் இறங்கிப் போகாமலிருக்க குளுக்கோஸ் வேண்டும் என்று பிறகு டாக்டரே சொன்னார்.

இரண்டு நாளில் அமிலம் இறங்கிவிட்டது. அதற்குள் சிறுநீரகம் படுத்துவிட்டது. வைரஸ், வாந்தியில் வற்றிப்போன உடம்பு, அமிலம், எல்லாம் சேர்ந்து அடித்ததில் சிறுநீர் வருவது நின்றது. டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது) நான்கு தடவை நடந்தது. அதற்கிடையில் நுரையீரல் மோசமாகி, ஆறு நாள் தொண்டையில் குழாய் போட்டு மூச்சு இயந்திரத்தில் இருந்தார்.

காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். நான் அவர் கால்களைப் பிடித்துவிடுவேன். வீங்கிய பாதத்தில் என் விரல் பட்ட இடம் குழிந்து, அப்படியே நிற்கும். அதற்குமேல் எனக்கு வேலை எதுவும் இல்லை. எந்த மருந்து எப்போது என்று நர்ஸ்களுக்குத் தெரியும். என் கையால் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதில் அந்த நாட்களில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கயல் வந்துவிட்டாள். வராந்தா நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எதையோ வாசித்தாள். வாசித்து முடித்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். என்ன வாசித்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரையைப் பற்றி நானும் அதைத்தான் வாசித்திருந்தேன்.

“அம்மா, சாப்பிட்டு வருவோம் வா” என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எடை பதினொரு கிலோ குறைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனார். அதன்பிறகு டயாலிசிஸ் தேவைப்படவில்லை, ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திரும்புமா என்று கேட்டால், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்கிறார் சிறுநீரக டாக்டர். பழைய மாத்திரைகள் எல்லாம் போய் இன்சுலின் ஊசி வந்திருக்கிறது. விரல் நுனிகள் மரத்துவிட்டன. செம்புக் கம்பி கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். கடையில் இப்போது காயில் கட்டுவதில்லை, மோட்டாருக்குக் கனெக்‌ஷன் கொடுக்கும் வேலைகள் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அவரிடம் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை, சனிக்கிழமை காலையிலும் நான் கொடுத்ததை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நான் வேணாம்னேன்ல” என்றார்.

“ஆமா. சொன்னீக.”

“தெரிஞ்சா சொன்னேன்? கசப்பா இருந்துச்சு, அதான் சொன்னேன்” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். இது மன்னிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுப்பவராக இருக்கலாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நன்றாக இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது என்று. இன்சுலின் போடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. மீட்டரில் எண் சரியாக இருந்து, மூச்சு மட்டும் சரியில்லை என்றால், மூச்சை நம்புங்கள்.

அவருக்கு ஆஸ்பத்திரி நாட்கள் ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமை வயிற்று வலிக்குப் பிறகு, ஜெனரல் வார்டில் யாரோ தலை சீவிவிட்டதுதான் அவருக்கு அடுத்த நினைவு. நடுவில் என்ன நடந்தது என்று அவ்வப்போது கேட்பார். சொல்வேன். ஊரில் வேறு யாருக்கோ நடந்த சங்கதியைக் கேட்பதுபோலக் கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரைவரை மெதுவாக நடந்து போனோம். முதன்முறையாக அவ்வளவு தூரம். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

“இம்புட்டுத் தண்ணி ஏறியிருக்கே. நான் படுத்துக் கெடந்த சமயத்துல நல்ல மழையா செல்வி?”

யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பது நாளும் நான் விழித்துத்தான் இருந்தேன்.

“தெரியலைங்க” என்றேன்.