வெளிக்கதவின் அவசரப் பொத்தான்

"எழுதுறதுன்னா உங்க தப்பையும் சேர்த்து எழுதுங்க" என்றாள் என் மனைவி. எழுதுகிறேன். இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை.

மலையுச்சியில் இருக்கும் ஒரு தொலைநோக்கி நிலையத்தின் கம்ப்யூட்டர்களை நகரத்திலிருந்தபடியே பார்த்துக்கொள்வது என் வேலை. மேலே தங்கியிருந்தவர் ஒரே ஒரு டெக்னீஷியன். எல்லோருக்கும் அவர் சித்தப்பா. வெளிக்கதவில் ஓர் அவசரப் பொத்தான் உண்டு. அழுத்தினால் என் போன் அலறும். பாழாய்ப்போன அது, பலமாகக் காற்றடித்தாலே அலறியது. ஒரு ராத்திரி, தூக்கம் கெட்ட எரிச்சலில் அந்த மணியை அணைத்தேன். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறந்துவிட்டேன்.

நான்காம் நாள் இரவு, ஆன்டெனாவில் படிந்த பனியைத் தட்டிவிட சித்தப்பா வெளியே போனார். கதவின் மின்பூட்டு பின்னாலேயே பூட்டிக்கொண்டது. கதவில் சாய்ந்தபடியே விறைத்துப்போயிருந்தவரைக் காலையில் முதலில் பார்த்தது, சாமான் கொண்டுபோன ஜீப் டிரைவர். சித்தப்பாவின் விரல் பொத்தான் மேலேயே இருந்ததாம்.

நான் சத்தமில்லாமல் மணியை மறுபடி போட்டுவிட்டேன். விசாரணையில், "லைன் கட்டாயிடுச்சு சார்" என்றேன். நம்பினார்கள்.

அதன்பின் அங்கே யாரும் தங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, பழுதான சர்வரை மாற்ற நானே போகவேண்டி வந்தது. துணைக்கு அதே டிரைவர். மேகமூட்டத்தால் அன்று ஆய்வு கிடையாது. இரவிலேயே வேலையை முடித்துவிட உட்கார்ந்தேன்.

மணி 1:12. போன் அலறியது. வெளிக்கதவு.

வாசல் கேமராவில் யாருமில்லை. காற்றும் இல்லை. நாங்கள் வந்த தடத்தைத் தவிர, பனியில் வேறு காலடித் தடம் இல்லை.

1:15. மறுபடி.

பொத்தானிலிருந்து உள்ளே வரும் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

1:17. மறுபடி...

கேமரா கண்ணாடியில் ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது. யாரோ மிக அருகில் மூச்சு விடுவதுபோல...

டொக்... டொக்... டொக்...

டிரைவர் எழுந்து வந்தார். "சார், யாரோ தட்டுறாங்க. திறக்கவா?"

"வேணாம்."

"குளிர்ல நிக்கிறாங்க சார்!"

நானே போனேன். கதவில் நெற்றியை வைத்தேன்.

"சித்தப்பா... மணியை நான்தான் அணைச்சேன்."

தட்டல் நின்றது.

திறந்தேன்.

யாருமில்லை.

சில்லென்று ஏதோ என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது...

விடியும்வரை நாங்கள் சர்வர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் பூட்டிவிட்டு இறங்கினோம். அன்றே மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போனது. பாரம் மட்டும் போகவில்லை.

போன வாரம், என் இடத்துக்கு வந்த இன்ஜினியர் போன் செய்தார்.

"சார், மலை மேல ஹீட்டர் அணையவே மாட்டேங்குது. உள்ள ஆள் இருந்தா அணையாதபடி, கதவுல ஆள் எண்ணுற சென்சார் இருக்கு. அதோட பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நீங்க கடைசியா போன அன்னைக்கு, உள்ள போனது மூணு பேர். வெளிய வந்தது ரெண்டு பேர்தான்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சென்சார்ல கோளாறு போல. பூஜ்யம் ஆக்கி, ஹீட்டரை நிறுத்திடவா சார்?"

"வேணாம்" என்றேன். "ஓடட்டும்."