மினிமம் பார்த்த அக்கா

மேகமலையில் இருந்த மூன்று வருஷமும் என் அக்காவுக்கு ஒரு பேர் இருந்தது. எனக்கு இல்லை. அவளை எல்லாரும் ‘மினிமம் புள்ள’ என்றார்கள். என்னை ‘அதோட தங்கச்சி’ என்றார்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. அதனால் இந்தக் குறையை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின காலம். சின்னமனூர் நிலம் அண்ணன் தம்பி நாலு பேருக்குக் காணாது என்று அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி, ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்றுகளுக்கு மேஸ்திரியாகச் சேர்ந்தார். நாற்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வளைந்த கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பாதரசம், பாதரசத்தின் தலையில் மயிரிழை போல ஓர் இரும்பு முள். ராத்திரி குளிரக் குளிரப் பாதரசம் அந்த முள்ளை மேலே தள்ளும். அந்தப் பக்கத்து எண்கள் மேலே போகப் போகக் குறையும். விடிந்து வெயில் வந்ததும் பாதரசம் இறங்கிவிடும். முள் மட்டும் தள்ளின இடத்திலேயே நிற்கும். அது நிற்கிற எண்தான் மினிமம், அந்த ராத்திரியின் ஆகக் குறைந்த வெப்பம். பார்த்துச் சொன்ன பிறகு, குழாய்க்கு வெளியே காந்தத்தை வைத்து முள்ளைக் கீழே இழுத்து விட வேண்டும்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் எண் தெரியாது. அக்கா ஐந்தாம் வகுப்பு முடித்தவள். தோட்டத்து வெள்ளைக்கார துரையே அவளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். முன்னால் இருந்த மேஸ்திரி பெட்டியைத் திறக்காமலே வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தெரிந்த அன்றைக்கே சீட்டைக் கிழித்து, சட்டி பானையோடு மலையிறக்கி விட்டார்கள்.

காலையில் அக்கா தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெட்டியை நோக்கி நடப்பாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிக்காரப் பொம்பளைகள் வழியிலேயே மறிப்பார்கள்.

“ஏத்தா மினிமம் புள்ள, இன்னைக்கு எம்புட்டு?”

“இன்னும் பாக்கல மதினி.”

பாரன்ஹீட் கணக்கில் முப்பத்திரண்டு வந்தால் உறைபனி. நாற்பதுக்குக் கீழே போனாலே அத்தனை பேரும் பெரணித் தழை வெட்டி வந்து நாற்றைப் பனி படாமல் மூட வேண்டும். அதனால் தோட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எட்டு வயது. எனக்கும் எண் தெரியும். ஒருநாள், ஒரே ஒருநாள் காந்தத்தைக் கொடு என்று கேட்டேன்.

“ஒனக்கு எட்டாதுடி. பெட்டிக்குள்ள தலைய விட்டு மூச்சு விட்டேன்னா முள்ளு அங்கன இங்கன போயிரும்.”

என் மூச்சில் என்ன குற்றம் கண்டாள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், அரை நாள் வேலை முடிந்ததும் எல்லாரும் சின்னமனூருக்கு இறங்குவதாக இருந்தது. பொம்பளைகள் எண்ணெய் தேய்த்து, மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அன்று விடியும் முன்னால் அக்கா தலைமாட்டில் இருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். கல்லைப் போட்டு ஏறி நின்றேன். முள் நாற்பத்தேழில் இருந்தது. காந்தத்தை வைத்து மேலே இழுத்தேன். முப்பத்தாறில் விட்டேன். அக்கா தப்பாகச் சொல்ல வேண்டும், அப்பா அவளை வைய வேண்டும், காந்தம் என் கைக்கு வர வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

அக்கா பார்த்தாள். பெட்டியை மூடி, திறந்து, மறுபடியும் பார்த்தாள். “முப்பத்தாறுப்பா” என்றாள். அப்பா பங்களாவுக்கு ஓடினார். துரை லீவை நிறுத்திவிட்டார்.

நாள் முழுக்கத் தழை வெட்டினார்கள். கட்டின மூட்டைகள் கட்டினபடியே கிடந்தன. ஒரு மதினி அரிவாளும் கையுமாக அக்காவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஏண்டி, அஞ்சாறு கூட்டிச் சொன்னா ஒங்கப்பன் சொத்தா கொறைஞ்சிரும்? என் பிள்ளைக ரெண்டும் கீழ வழி பாத்து ஒக்காந்திருக்குக.”

அக்கா தாவணியை இடுப்பில் சொருகினாள். அவளும் தழை சுமந்தாள். இனி யாரும் அவளை ஆசையாகக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குக் கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

ஆனால் அன்று ராத்திரி நிஜமாகவே உறைபனி விழுந்தது. பொங்கலன்று காலை புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளை. தழையை விலக்கினால் எங்கள் நாற்றெல்லாம் பச்சையாக நின்றது. பக்கத்துத் தோட்டத்து நாற்று அத்தனையும் கருகிப்போச்சு என்று ஆள் வந்து சொன்னான். முந்தின நாள் வைத அதே மதினி அக்காவுக்கு நெட்டி முறித்தாள்.

வெயில் வந்த பிறகு துரை வந்தார். மேடையைச் சுற்றிப் பார்த்தார். அப்பா தோளில் தட்டினார். மூடியில் குதிரைப் படம் போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவை அக்கா கையில் கொடுத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. நாற்றைக் காப்பாற்றியது நான் இழுத்த முள். டப்பா அவளுக்கா? பேசவே கூச்சப்படுகிற எனக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

“நாந்தான் முள்ள இழுத்தேன். நேத்து காந்தத்த வச்சு நாந்தான் மேல இழுத்து வச்சேன். அவளுக்கு ஒண்ணுந் தெரியாது.”

துரை சிரிப்பை நிறுத்தினார். “சின்னப் பொண்ணு என்ன சொல்றான், மேஸ்திரி?” என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். அக்காதான் முன்னால் வந்தாள்.

“பொய் சொல்றா தொரை. எனக்கு டப்பா குடுத்தீகள்ல, அந்தப் பொறாமை. காந்தம் என் முந்தியிலதான் இருந்துச்சு. நான் ரெண்டு தடவ பாத்துத்தான் சொன்னேன்.”

துரை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

அக்கா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. முதல் பொய்யையே எனக்குக் கிடைக்க வேண்டிய பேரைத் திருடுவதற்காகச் சொல்லியிருக்கிறாள் பார் என்று மனசுக்குள் அவளை வைதேன். அந்தக் கோபத்தை எத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொன்னால் வெட்கம்.

துரை போனதும் அப்பா மேட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பீடியை வாயில் வைத்தார். தீக்குச்சியைக் கிழிக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்று குச்சி கீழே விழுந்தது. அக்கா டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி, கிழித்து, அணையாமல் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் விரல்கள் அப்போதும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. வெயில் நன்றாக ஏறிவிட்டது, புல்லில் ஒரு பொட்டுப் பனி இல்லை, இவருக்கு மட்டும் இன்னும் என்ன குளிர் என்று பார்த்துக்கொண்டே நான் பிஸ்கட்டைத் தின்றேன்.