கேட்டாண்ட ஒரு சிரிச்ச மூஞ்சி

எங்க யார்டு கேட்டாண்ட ஒரு மிஷினு கீது. ஆளு ஒசரத்துக்கு ஒரு கம்பம், அது தலையில ஒரு கண்ணாடித் திரை. காலையில அது முன்னாடி போய் நின்னு மூஞ்சியக் காட்டணும். ஆளு யாருன்னு கண்டுபிடிச்சிட்டு அது ஒரு கேள்வி கேக்கும்: ‘இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?’ கீழ வரிசையா அஞ்சு மஞ்ச மூஞ்சிங்க நிக்கும். இந்தக் கோடியில பல்லக் காட்டி சிரிக்கிறது, அந்தக் கோடியில கண்ணுல தண்ணி வுடறது, நடுவுல எதுலயும் சேராததுங்க. எதனா ஒண்ண அமுக்குனாத்தான் கேட்டு தொறக்கும். அந்த சிரிப்பு மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னிக்கும் ஆவாது. போன்ல யாராச்சும் அத அனுப்புனா அவங்க மேலயே கோவம் வருது. “இன்னாம்மா, ஒரு பொம்மைகூடவா உனக்கு சண்டை”ன்னு என் பொண்ணு கேக்குது. ஆமா, சண்டைதான்.

திருவொத்தியூர் தாண்டி எண்ணூர் போற ரோட்டுல, காலி கண்டெய்னர் அடுக்கி வெக்கிற யார்டு எங்களுது. நாங்க அத பொட்டின்னுதான் சொல்லுவோம். கப்பல்ல வந்து சரக்க எறக்கிட்டு காலியா திரும்பற பொட்டிய கூட்டி, கழுவி, காய வெச்சி மறுபடியும் அனுப்பணும். கூட்டறது கழுவறது பொம்பளைங்க வேல. நான் அதுலதான் கீறேன், கல்யாணம் ஆனதுலருந்து. பொட்டிக்குள்ள இன்னா வந்துச்சோ அதோட நாத்தம் உள்ளயே குந்திகினு இருக்கும். உப்பு போட்ட தோலு வந்த பொட்டின்னா அன்னிக்கு சோறு எறங்காது. ஆனா அந்தக் கலீஜுக்கெல்லாம் நாங்க பயந்தது இல்ல, மூக்குல துணியக் கட்டிகினு முடிச்சிடுவோம். பேஜாரு இன்னான்னா நாத்தமே வராத பொட்டிதான். தானியம், மரம் அந்த மாதிரி சரக்குல பூச்சி வெக்கக்கூடாதுன்னு பொகை மருந்து அடிச்சி மூடி அனுப்புவாங்க. அது உள்ளயே தங்கியிருந்தா ஒண்ணியும் தெரியாது. தல சுத்தும், அப்பால கால் மடங்கிடும்.

அதுக்கு எங்ககிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சி. ஒரு பொட்டிக்கு ரெண்டு பேரு ஜோடியாத்தான் போவோம். கதவத் தொறந்து வுட்டு வெளிய குந்திகினு நிதானமா ஒரு டீ குடிப்போம், உள்ள இருக்கிற காத்து போவட்டும்னு. அப்பால ஒருத்தி தொடப்பத்த எடுத்துகினு உள்ள பூருவா. இன்னொருத்தி தண்ணி பைப்ப புடிச்சிகினு கதவாண்ட நிப்பா. நிக்கிறவ அப்பப்ப “கீறியா?”ன்னு கொரல் குடுக்கணும். உள்ள கீறவ “கீறேன்”னு சொல்லணும். பதிலு வரலன்னா மூச்ச அடக்கிகினு பூந்து, கையோ காலோ கெடைச்சத புடிச்சி இஸ்துகினு வந்துடணும். இத எங்களுக்கு எந்த ஆபீசரும் சொல்லித் தரல. முன்னாடி வேல செஞ்சவங்க அப்படி செஞ்சாங்க, நாங்களும் செஞ்சோம்.

எனக்கு ஜோடி ஒரு அக்கா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல கீறா, என்னவிட பெரியவ, புருசன் போயி ரொம்ப நாளாச்சி. வாய்னா வாய், அப்படி ஒரு வாய் அவளுக்கு. நான் “அக்கா, கீறியா?”ன்னு கேட்டா நேரா ஒரு பதிலு வராது. “இல்லமே, துபாய் போயிட்டேன்”னு உள்ளருந்து சத்தம் வரும். இன்னொரு நாளு “செத்துட்டேன், மால வாங்கியா. ரோசாப்பூ வாங்கு, சாமந்தி வாங்கிகினு வந்தே, எழுந்து வந்து ஒதைப்பேன்”னுவா. இரும்புச் செவுத்துல மோதி அந்தக் கொரலு டம்முன்னு வெளிய வரும். பக்கத்துப் பொட்டி ஜோடிங்ககூட அவ இன்னிக்கு இன்னா சொல்லப் போறான்னு காதத் தீட்டிகினு இருப்பாங்க.

அந்த அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிது. மாடிப்படி ஏறசொல்ல பாதியில நின்னு கம்பிய புடிச்சிக்குவா. டாக்டரு பாத்துட்டு, பொட்டிக்குள்ள போற வேலைய வுட்டுடும்மா, இல்லன்னா இது கொறையாதுன்னு சொல்லிட்டாரு. வுட்டுட்டா சோத்துக்கு இன்னா பண்றது? நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குள்ளயே ஒரு வழி பண்ணிகினோம். இனிமே எல்லாப் பொட்டிக்கும் நான்தான் உள்ள, அவ வெளிய. பைப்ப புடிக்கிறதும் கொரல் குடுக்கிறதும் அவ வேல. வெளிய நிக்கிற அந்த எடம் இருந்தா அவ இன்னும் சில வருசம் வேல செஞ்சி கவுரதியா சாப்புடலாம். அந்த எடத்த நம்பித்தான் அவ இருந்தா.

அந்த நேரம் பாத்துத்தான் எங்க யார்டுக்கு எச்.ஆர்.னு ஒரு ஆபீசரு வந்தாரு. முன்னாடில்லாம் எங்களுக்கு மேஸ்திரிதான் எல்லாம். திட்டுவாரு, கத்துவாரு, ஆனா இன்னா நெனைக்கிறாருன்னு மூஞ்சியிலயே தெரியும். இவுரு ஹெட் ஆபீஸ்லருந்து வந்த சின்ன வயசுக்காரரு. கொரல ஒசத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. வந்த அன்னிக்கு எங்க எல்லாருக்கும் கை குடுத்தாரு, இங்க மொதலாளி தொழிலாளி ஒண்ணும் கெடையாது, எல்லாரும் ஒரே ஃபேமிலின்னாரு. நல்ல மன்சன்னு நானும் நெனச்சேன். வெள்ளிக்கிழமையானா சோத்து நேரத்துல எங்கள மியூசிக்கல் சேர் ஓட வெச்சாரு. முட்டி வலியோட பொம்பளைங்க நாற்காலியச் சுத்தி ஓடறத போட்டோ எடுத்து எங்கியோ போட்டாரு. பசி வேளையில ஓடிட்டு, ஆறின சோத்த அவசரமா முழுங்கிட்டு மறுபடியும் பொட்டிக்குப் போவோம். இதுக்குப் பேரு சந்தோசமாம்.

அப்பால கேமராவப் பாத்து கம்ப்யூட்டரு கணக்கு சொல்லிச்சாம்: ஒவ்வொரு ஜோடியிலயும் ஒருத்தி சும்மா நின்னு பேசிகினு கீறான்னு. பைப்ப புடிச்சி, உசுர காவ காத்துகினு நிக்கிறவ அதுங்க கண்ணுக்கு சும்மா நிக்கிறவளாத் தெரிஞ்சிகீது. ஜோடிய எடுத்துட்டாங்க. ஆளுக்கொரு போன் ஆப்பு. உன் பொட்டி இதுன்னு காட்டும், கதவு தொறந்ததும் அதுல நேரம் ஓட ஆரம்பிச்சிடும். சீக்கிரம் முடிச்சா ஸ்டார் குடுக்கும், நேரமானா செவப்புக் கலர்ல மின்னும். காத்து போவட்டும்னு குந்தி குடிக்கிற டீ அதுல எங்கயும் இல்ல. அக்கா தொடப்பத்த எடுத்துகினு மறுபடியும் உள்ள போனா, இந்த தபா தனியா.

அந்த கேட்டு மிஷினும் அப்பதான் வந்துச்சி. மொத வாரத்துல ஒருத்தி, மாமியா செத்து காரியம் முடிச்சிட்டு வந்தவ, பாவம், உள்ளத உள்ளபடி அழுவற மூஞ்சிய அமுக்கிட்டா. உடனே கேட்டு தொறக்கல. ஏன் சோகம், வூட்டுலயா வேலையிலயா, யாராச்சும் திட்டுனாங்களா, தூக்கம் வருதான்னு ஒண்ணு பின்னால ஒண்ணா கேள்வி வந்துகினே இருந்துச்சி. அவளுக்கு சரியா படிக்கவும் வராது. பின்னால வரிச நீண்டுகினே போவுது, சங்கு ஊதிட்டா லேட்டு, அரை நாள் கூலி போயிடும். “இன்னாடி அங்க கத எழுதிகினு கீறே, சிரிப்ப அமுக்கிட்டுப் போயேன்”னு எல்லாரும் சேந்து அவள வைய ஆரம்பிச்சிட்டோம். அன்னியிலருந்து எங்களுக்குள்ள அதுவே சட்டமாயிடுச்சி. புதுசா வேலைக்கு வர்றவளுக்கு மொதல்ல சொல்லித் தர்றதே அதான்: வேற எதயும் தொடாத, சிரிப்ப அமுக்கு, உள்ள வா. காச்சலோட வந்தவளும் அததான் அமுக்குனா, புருசன்கிட்ட அடி வாங்கி கன்னம் வீங்கிப்போய் வந்தவளும் அததான் அமுக்குனா. நாங்க அத கதவுக் கைப்பிடி மாதிரிதான் நெனச்சோம். கைப்பிடிய திருகுறவகிட்ட யாராச்சும் மனச கேப்பாங்களா?

கொஞ்ச மாசம் கழிச்சி யார்டுல பந்தல் போட்டாங்க, பெரிய திரை கட்டுனாங்க, பிரியாணி. கம்பெனிக்கு இருக்கிற அத்தினி யார்டுலயும் எங்க யார்டுதான் சந்தோசத்துல மொதலாம். எச்.ஆர். மைக்கப் புடிச்சி சொல்றாரு, முன்வரிசையில கோட்டு சூட்டு போட்டவங்க தலையாட்டறாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துகினோம். அதுலயும் ஒரு நாள்கூட சிரிப்பத் தவுர வேற அமுக்காத ஆளுன்னு எங்க அக்காவ மேடைக்குக் கூப்ட்டாங்க. ஒரு சால்வ, சிரிப்பு மூஞ்சி போட்ட ஒரு கப்பு. படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்குது. ரெண்டு வார்த்த பேசுங்கம்மான்னு மைக்கக் குடுத்தாரு. அவ பேசுவான்னு நான் எதிர்பாக்கல.

“சார், எனக்கு உள்ள மூச்சு வுட முடியல. எங்க ஜோடிய திருப்பிக் குடுங்க. நான் வெளிய நின்னு பைப்பு புடிக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல சார்.”

எச்.ஆர். மூஞ்சி கொஞ்சம்கூட மாறல. கையிலருந்த ரிமோட்ட அமுக்குனாரு. பெரிய திரையில அக்கா போட்டோ வந்துச்சி, அது கீழ மஞ்ச மஞ்சயா சிரிப்பு மூஞ்சிங்க, வரிசை வரிசையா, திரை கொள்ளாம.

“அம்மா, நீங்க சந்தோஷமா இருக்கேன்னு தினமும் நீங்களேதானே சொல்லியிருக்கீங்க. டேட்டா பொய் சொல்லாதும்மா.”

முன்வரிசைக்காரங்க சிரிச்சி கை தட்டுனாங்க. அக்கா அந்த கப்ப புடிச்சிகினு திரையவே பாத்துகினு நின்னா. த்தூ, எனக்கு அந்த பிரியாணியே வாணாம். தட்ட அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டேன். இவ்ளோ மருவாதியா, இவ்ளோ இனிப்பா ஒருத்தர் வாய அடைக்க முடியும்னு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். மேஸ்திரி கெட்ட வார்த்தையில திட்டுனப்பகூட எனக்கு இப்படி அருவருப்பா இருந்தது இல்ல.

அதுக்கப்பறம் ஒரு நாள் நடந்தத சொல்றேன். எனக்கும் அவளுக்கும் அன்னிக்கு பக்கத்துப் பக்கத்துப் பொட்டி. ஜோடி போனாலும் கொரல நாங்க வுடல. நான் என் பொட்டியிலருந்து கத்துவேன், அவ அவ பொட்டியிலருந்து பதிலு குடுப்பா. உச்சி வெயிலு. அவ பொட்டியில நாத்தம் கெடையாது. போன்ல நேரம் ஓடுதுன்னு கதவத் தொறந்த கையோட உள்ள போயிட்டா. “அக்கா, கீறியா?”ன்னேன். பதிலு இல்ல. புதுசா எதனா யோசிச்சிகினு கீறா போலன்னு தொடப்பத்த ஒரு இழுப்பு இழுத்தேன். மறுபடியும் கேட்டேன். அந்த இரும்புக்குள்ளருந்து ஒண்ணியும் வரல. தொடப்பத்த கடாசிட்டு ஓடுனேன். மூலையில குப்புற கெடந்தா. கால புடிச்சி இஸ்துகினு வந்து வெயில்ல போட்டேன். அவ பொடவையெல்லாம் தூசி, வாயோரம் நொர. கீறியா அக்கா, கீறியான்னு கன்னத்துல தட்டிகினே இருந்தேன்.

உசுரு பொழச்சிது. மூச்சுதான் முழுசா திரும்பல. எச்.ஆர். ஆஸ்பத்திரிக்கு பூங்கொத்து எடுத்துகினு வந்தாரு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துகினாரு. காத்து போவறதுக்கு முன்னால அவங்களாத்தான் உள்ள போயிட்டாங்கன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணி, எங்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு எடுத்தாங்க. பலூன் கட்டிதான். ஜோடி மட்டும் வரல. அக்கா கொஞ்சம் எழுந்து நடமாடுனதும், வெளி வேல எதனா குடுங்கன்னு கேக்க கேட்டாண்ட வந்தா. மிஷின் முன்னாடி நின்னா. ‘முகம் பதிவில் இல்லை’ன்னு காட்டிச்சி. எங்கள வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டரு அவ பேர எடுத்துட்டாருன்னு அங்கதான் எங்களுக்குத் தெரிஞ்சிது. எங்களோட தெனம் டீ குடிச்ச வாட்ச்மேன் தலைய குனிஞ்சிகினு, மிஷினுக்குத் தெரியலயேக்கா, நான் இன்னா பண்ணுவேன்னு சொன்னாரு. அவ திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா, வழியில நின்னு நின்னு.

போன ஞாயித்துக்கெழம அவ வூட்டுக்குப் போயிருந்தேன். கட்டில்ல, தலகாணிய முதுகுக்கு வெச்சி குந்திகினு இருந்தா. படுத்தா மூச்சு அடைக்குதாம். ஜன்னல் கம்பியில அந்த சால்வைய வெயிலுக்குத் திரையா கட்டியிருந்தா. வாசப்படியிலயே நின்னு, “கீறியா?”ன்னு கேட்டேன். சிரிச்சிகினே கைய ஆட்டுனா.

நான் பேசிகினு இருக்கசொல்ல அவ போன் கினுங்குச்சி. அந்த யார்டு ஆப்பு. கேட்டுக்கு வராத நாள்ல மிஷின் கேக்குற கேள்விய இது கேக்கும். வேலையிலருந்து எடுத்தவங்க இத எடுக்க மறந்துட்டாங்க போலருக்கு. இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்னு கேட்டுகினு அஞ்சு மஞ்ச மூஞ்சியும் வந்து நின்னுச்சி. பதிலு சொல்லாம வுட்டா நாள்பூரா கினுங்கிகினே இருக்குமாம், தெனம் இதான் தொல்லன்னு சைகையில சொன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிது.

“குடு இங்க. இன்னிக்காச்சும் அந்த அழுவற மூஞ்சிய அமுக்குறேன். பாக்கட்டும் அந்த ஆளு.”

அவ போன என்கிட்ட குடுக்கல. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்ச இழுத்து இழுத்து சொன்னா.

“வாணாம்மே. அத அமுக்குனா... கேள்வியா கேக்கும். பதிலு சொல்ல... என்கிட்ட மூச்சு ஏது.”

சிரிப்ப அமுக்குனா. திரையில கலர் கலரா காகிதப்பூ கொட்டுச்சி. போன கவுத்து வெச்சிட்டு, எனக்கு டீ போடறேன்னு எழுந்திருக்கப் பாத்தா. நான் அவள குந்த வெச்சிட்டு அடுப்பாண்ட போனேன்.