கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் தம்பியின் இளைய மகள். வீட்டில் சின்னவள் என்போம். பேண்டில் கிடார் வாசித்துப் பாடுகிறவன். டிரம்ஸ் வாசிக்கிற பெண். அவளை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளர். ஆக ஐந்து பேர். ஐவருக்கும் கண்ணும் காதும் சரியாகவே வேலை செய்கின்றன. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பேய்க் கதை சொல்லிப் பெயர் வாங்க வேண்டிய நிலையில் எங்கள் குடும்பம் இல்லை.

இறந்தவள் சின்னவளின் அக்கா. பெரியவள். தம்பியும் அவன் மனைவியும் போன பிறகு இரண்டு பெண்களும் என்னிடம் வளர்ந்தார்கள். பெரியவள் பேஸ் கிடார் வாசித்தாள், கூடவே பாடவும் செய்தாள். சினிமாப் பாட்டு இல்லை. தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, தாங்களே வெளியிடுகிற பேண்ட். நாற்காலி பாதிக்கு மேல் காலியாக இருக்கும் அரங்குகளில் வாசிப்பார்கள். சில இடங்களில் கேட்க வந்தவர்களைவிட மேடையில் இருப்பவர்கள் அதிகம். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். "உங்க வீட்டுப் பொண்ணு பாட்டுக்காரியா?" என்று யாராவது இழுத்தால், "ஆமா. டிக்கெட் வேணுமா?" என்று கேட்பேன். அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

அவளுடைய பேஸ் கறுப்பு நிறம். முழங்கை படுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரியும். தடித்த நாலு கம்பிகள். அவற்றை மாற்றவே மாட்டாள். "புதுக் கம்பி தகரம் மாதிரி கத்தும் அத்தை. பழசுதான் பேசும்" என்பாள். அவள் விரல் நுனி என் கன்னத்தில் பட்டால் உப்புத்தாள் உரசினாற்போல் இருக்கும். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கி, பழைய ரேடியோ மாதிரி வால்வ் வைத்தது, சின்ன ஃப்ரிட்ஜ் அளவு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதை வேனிலிருந்து அவளே இறக்குவாள். பையன்கள் கை கொடுக்க வந்தால், "உங்க இடுப்பு போயிடும், தள்ளுங்க" என்பாள்.

அந்த ஆம்பில் ஒரு இரைச்சல் இருந்தது. ம்ம்ம்... என்று தாழ்வாக ஓடிக்கொண்டே இருக்கும். கம்பியில் கை வைத்தால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி வரும். பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதை ஒழிக்க ஒரு குறுக்கு வழியும் இவர்கள் உலகத்தில் உண்டு. பிளக்கைத் திறந்து எர்த் வயரை வெட்டிவிடுவது. இரைச்சல் போய்விடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். அதற்கப்புறம் ஆம்பில் எங்காவது கசிவு ஏற்பட்டால் கரண்ட் கம்பிக்கு ஏறி நிற்கும். கம்பியில் கை, மைக்கில் உதடு... கரண்ட் உடம்பு வழியாகப் பாயும், அவ்வளவுதான்.

பெரியவள் அப்படித்தான் போனாள். பிறகு நாங்கள் ஐவரும் கூடிய அதே ஸ்டுடியோ, அதே மைக். இடி அன்று தாமதமாக வந்தாள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கூட இருந்தவன் கிடார்காரன் ஒருவன்தான். "அவளே வயரை வெட்டினா, நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல" என்று விசாரணையில் சொன்னான். அப்படியே பதிவாயிற்று. ஊர் அதற்குக் கண் காது மூக்கு வைத்தது. தெரிந்தேதான் வெட்டினாளாம். சாகவே வெட்டினாளாம். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி!

ஒரு வருஷம் கழித்து அவன் போன் செய்தான். ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு மிச்சம். பேஸை அவனே வாசித்துவிடுவானாம். ஆனால் அந்தச் சத்தம் வேறு எந்த பேஸிலும் வரவில்லையாம். இரவல் கேட்டான்.

"கொண்டு வரேன். நானே கொண்டு வரேன்" என்றேன். "வாசிச்சு முடிச்சதும் எல்லார் முன்னாடியும் ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொல்லணும்."

"சரி... பாக்கலாம் ஆன்ட்டி."

ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பழைய கம்பளமும் பஞ்சும். நாங்கள் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. கதவை மூடினால் பகலா இரவா என்று தெரியாது.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க."

"எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான் அத்தை. உனக்கு மேடம்."

இடி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

சின்னவள் பெட்டியைத் திறந்தாள். அக்கா போனதிலிருந்து மூடியே கிடந்த பெட்டி. கிடார்காரன் பேஸை எடுத்து ஒரு தட்டு தட்டினான். முகம் சுருங்கியது.

"டியூன் கலையவே இல்ல. யாராவது எடுத்து வாசிச்சீங்களா?"

"சாவி எங்கிட்ட இருக்கு. யாரும் தொடல" என்றாள் சின்னவள்.

அவன் சட்டென்று கையை எடுத்தான்.

"கம்பி சூடா இருக்கு..."

"உன் கை ஜில்லுனு இருக்கும்டா. பயந்தாங்கொள்ளி" என்றாள் இடி.

பெரியவளின் ஆம்ப் அங்கே இல்லை. அது விசாரணைக்காரர்களின் கிடங்கில் கிடக்கிறது. பேஸிலிருந்து கேபிள் நேராக ஒலிப்பதிவாளரின் மிக்ஸர் பலகைக்குப் போயிற்று. வாசித்தான். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் விரல் வழுக்கியது. மறுபடி வாசித்தான். அதே இடத்தில் வழுக்கியது. மறுபடி. அதே இடம். யாரோ விரலைத் தட்டிவிட்டது போல.

"அஞ்சு நிமிஷம் விடுங்க" என்று பேஸை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஆரம்பித்தது.

ம்ம்ம்ம்...

ஒலிப்பதிவாளர் தலையைத் தூக்கினார். "என்ன இரைச்சல் இது? ஆம்பே இல்லையே!"

நின்றது.

மறுபடி வந்தது. ம்ம்ம்ம்...

நின்றது.

சின்னவள் என் கையைப் பிடித்தாள். "அத்தை... கம்பில யாரோ கை வைக்கிறாங்க. வச்சு வச்சு எடுக்கறாங்க."

நான் மற்ற நாலு பேரின் கைகளையும் பார்த்தேன். எட்டுக் கைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. பேஸ் தனியாக ஸ்டாண்டில் நின்றது. தடித்த கம்பி மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

ஒலிப்பதிவாளர் கேபிளைப் பிடுங்கினார். இரைச்சல் போகவில்லை. மிக்ஸரை அணைத்தார். ஸ்பீக்கர்களை அணைத்தார். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

ம்ம்ம்ம்...

இப்போது சத்தம் மூலையிலிருந்து வந்தது. மைக் நிற்கிற மூலை. அந்த மைக்கில் வயரே இல்லை. வயர் சுருட்டி ஆணியில் தொங்கியது.

அது இரைச்சல் மாதிரியும் இல்லை. பாடத் தொடங்குமுன் பெரியவள் வாயை மூடிச் சுருதி பிடிப்பாள். அப்படி இருந்தது.

கிடார்காரன் எழுந்தான். "போதும். நாளைக்குப் பாத்துக்கலாம்." பேஸைப் பெட்டியில் வைக்கத் தூக்கினான். இடது கை அதன் கழுத்தைச் சுற்றி மூடியது.

திறக்கவில்லை.

"கை... கை வரல."

"விளையாடாதடா" என்றாள் இடி.

"வரலைடி!"

அவன் மைக்கை நோக்கிப் போனான். நடக்கவில்லை. குதிகால்கள் தரையில் தேய்ந்துகொண்டே போயின. இழுபட்டான். ஒலிப்பதிவாளர் அவன் சட்டையைப் பிடித்தார். சட்டைதான் கிழிந்தது.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். "வாசிச்சாச்சுல்ல? இப்ப என் கேள்வி. எர்த் வயரை யார் வெட்டினது?"

"மேடம்... ப்ளீஸ்..."

"யாரு?"

"அவ... அவதான்..."

இரைச்சல் ஏறியது. அவன் கழுத்து முன்னால் வளைந்தது. மைக்குக்கும் அவன் வாய்க்கும் நடுவில் ஒரு சாண்.

"யாருடா?"

"நான்! நான்தான்! டேக் கெட்டுப் போகுதுன்னு... அவ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்னா. அவ வெளிய போனப்ப வெட்டிட்டேன். அவகிட்ட சொல்லல... சொல்லவே இல்ல..."

இடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும் அக்கா" என்றாள் சின்னவள், மைக்கைப் பார்த்து. அழுதுகொண்டே. "விட்டுடு அக்கா. போதும்."

இரைச்சல் நின்றது.

சட்டென்று அப்படி ஒரு அமைதி. யாரோ உத்தரவு கேட்டு நிற்பது போல. பெரியவள் யாரிடம் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சின்ன விஷயத்துக்கும் என்னிடம் கேட்டுத்தான் செய்வாள்.

"அத்தை... நீங்க சொல்லுங்க... போதும்னு சொல்லுங்க!" என்றாள் சின்னவள்.

நான் சொல்லவில்லை.

ம்ம்ம்ம்...

அவன் உதடு மைக்கில் பட்டது.

அவன் பிழைத்துக்கொண்டான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். உதட்டில் மைக் வலையின் கட்டம் கட்டமான தழும்பு. இடது கை விரல்களுக்குக் குறுக்கே நாலு கோடுகள். பேச்சு குழறும்; பாட்டு வராது. மற்றவர்கள் விசாரணை அதிகாரியிடம் போய்க் கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள். பழைய பதிவு திருத்தப்பட்டது. எங்கள் பெண் எதையும் வெட்டவில்லை, சாகவும் நினைக்கவில்லை என்று இப்போது எழுத்தில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஊருக்குத்தான் போதவில்லை. இப்போது வேறு பேச்சு. அந்தக் குடும்பம்தான் பேஸுக்குள் வயரை மாற்றி வைத்து, அவனைக் கரண்டில் மாட்டிவிட்டதாம். கிழவியே கொண்டுபோய்க் கொடுத்தாளாம்.

கிழவி என்பதை மறுக்கவில்லை. மற்றதற்குப் பதில் இது.

சின்னவள் விட்டுவந்த பெட்டியை எடுக்க, மறுவாரம் அந்தக் கட்டிடத்துக்குப் போனேன். மேல்தளத்தில் தையல் கடை. அவனை மாடிக்குத் தூக்கிவர அந்தக் கடைக்காரர் உதவியிருந்தார். நன்றி சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்மா. அன்னிக்கு கீழே எப்படி வேலை பாத்தீங்க? காலையிலேயே ரோடு தோண்டினவங்க கேபிளை வெட்டிட்டாங்களே. எங்க மெஷின் எல்லாம் நாள் பூரா சும்மா கெடந்துச்சு. ராத்திரிதான் சரி பண்ணாங்க."

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இந்தக் கட்டிடத்தில் எப்போதும் இருந்ததில்லை என்றார். மின்வாரிய அலுவலகத்திலும் விசாரித்தேன். அதையேதான் சொன்னார்கள்.

ஆகவே, பேசுகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் வீட்டில் யாரும் எந்த வயரையும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பயனில்லை. அன்று அந்தத் தெருவிலேயே கரண்ட் கிடையாது.