வலது காதுப் பக்கம் இரண்டு ஸ்டூல்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் பெயர் இஞ்சு டெய்லர். யாராவது வழி கேட்டால்கூட, கேட்டவரின் தோளைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் சொல்வார். முப்பது வருடத்தில் அவர் கடையை மூடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று எங்கள் கல்யாண நாள், அதுவும் மதியம் வரைக்கும்தான்.

எனக்கு இடது காது போய் ஆறு வருடமாகிறது. போன வருடம் வலது காதையும் சோதித்த மருத்துவர், "இதுவும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்மா. கேக்கணும்னு ஆசைப்பட்டதெல்லாம் இப்பவே கேட்டுக்குங்க" என்றார். ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பழைய நகரம். விளக்கு வைத்தால் கோட்டைச் சுவருக்குள் தெருவெல்லாம் பாட்டு. நடுவில் ஒரு பழங்கால அரங்கு, அங்கே மைக் இல்லாமல் வயலின் வாசிப்பார்கள். கல்யாணமான புதிதில் கேட்டதற்கு, "கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும்" என்றார். அந்த ஆர்டர் முடியவே இல்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மறுவாரம் கடைக் கதவில் அட்டை தொங்கியது: மூன்று நாள் விடுமுறை. அரங்கின் இருக்கைப் படத்தை வெட்டு மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்து இரண்டு ராத்திரி ஆராய்ந்திருக்கிறார்.

"மேடை உன் வலது காதுக்கு நேரா வர்ற மாதிரி டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றார்.

முதல் நாள் மாலை கல் பாவிய சந்துகளில் அவரை இழுத்துக்கொண்டு திரிந்தேன். படிக்கட்டில் ஒரு பெண் டிரம்பெட் ஊதினாள். காபிக் கடைக்குள் யாரோ பியானோ வாசித்தார்கள். ஒருவன் கவிழ்த்த வாளியைத் தட்டியே தெருவை ஆட வைத்தான்.

"அந்தாளு காலரைப் பாரு, கோணலா வெச்சிருக்கான்" என்றார் இவர்.

"வாயை மூடிட்டு வாங்க. இருக்கிற ஒரு காதையாவது பாட்டுக்கு விடுங்க."

மறுநாள் அரங்கு. பக்கவாட்டு மாடியில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், மேடை என் இடப்பக்கம். செத்த காதுப் பக்கம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"இதுக்குத்தான் ரெண்டு ராத்திரி ஸ்கேல் பிடிச்சீங்களா?"

டிக்கெட்டைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஆளுக்கு எதிர நின்னே அளவெடுத்துப் பழகிட்டேன். படத்தையும் அப்படியே பாத்துட்டேன் போல. என் கைக்கு வலது, உனக்கு இடதாப் போச்சு."

அரங்கில் ஓர் இடம்கூடக் காலியில்லை. கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்தேன். வயலின் அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் மெலிசாகக் கேட்டது. வெட்கத்தை விட்டு அழுதேன். இவரோ மேடையையே முறைத்துக்கொண்டிருந்தார். இடைவேளை விட்டதும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டார். காது போகிற பெண்டாட்டியைத் தனியே விட்டுவிட்டு அப்படி எங்கே போனார்? ஊருக்குப் போகட்டும், இந்த மனிதரோடு ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் பாதிக்கு மணி அடித்தபோது வாசலில் நின்று கையாட்டினார். சட்டைக் காலரில் ஊசி, உதட்டில் ஒரு துண்டு நூல்.

"வயலின்காரர் கோட்டு அக்குள்ள பிரிஞ்சிருந்துச்சு. வில்லைத் தூக்கும்போதெல்லாம் தோளை இறுக்கிட்டே வாசிச்சார், பாவம். உள்ள போய்த் தெச்சுக் குடுத்தேன். கைம்மாறா என்ன வேணும்னு கேட்டார். வா சீக்கிரம்."

மேடையின் மறுபக்கத் திரைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல். என்னை உட்கார வைத்துவிட்டு என் வலது கையைக் கிள்ளினார். "இதானே வலது?"

வில் நரம்பில் படுவதற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை இழுத்தது கேட்டது. அப்புறம் வந்தது வயலின். பத்தடி தூரத்திலிருந்து, முழுசாக, என் நெஞ்சுக்குள்ளேயே வாசிப்பதுபோல. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், போதும் என்று தோன்றியது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அந்த மனிதரின் முப்பது வருடக் கஞ்சத்தனமான விடுமுறைகளை எல்லாம் மன்னித்தேன்.

வெளியே வந்ததும், "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தையல் தாங்கிடுச்சு" என்றார், பெருமையாக.

இந்த வருடம் வலது காதும் போய்விட்டது. மகளும் மருமகனும் அக்கம்பக்கத்தாரும் பக்கவாட்டில் நின்று என் காதருகே கத்துகிறார்கள், எனக்கு ஒன்றும் எட்டுவதில்லை. இவர் மட்டும் கத்துவதில்லை. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். அளவெடுக்க நிற்பதுபோல நேர் எதிரே வந்து நின்று, உதட்டை நிதானமாக அசைத்துப் பேசுவார். ஒரு சொல்கூடத் தவறாமல் எனக்கு விளங்கும்.

எதிரே நின்று பழகிய மனிதர். அன்றைக்கு அதற்காகத்தான் அவரை அப்படித் திட்டினேன்.