பத்தாம் நாள் போன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மட்டாஞ்சேரி ஜூ டவுனில் நான் வேலை பார்க்கும் மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் சாம்பிள் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் போன் அதிர்ந்தது. திரையில் முருகன் பெயர். செல்வி அக்காவின் மகன். நான் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன். "சேச்சி, அம்மா போயிட்டாங்க," என்றான். "சரி," என்றேன். போனை வைத்துவிட்டு மறுபடி சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் ஒட்டிய சீட்டெல்லாம் தலைகீழாக இருந்ததாக மேலாளர் மறுநாள் சொன்னார்.

மட்டாஞ்சேரியில் செல்வி அக்காவிடம் நாய் பழக்கிய வீடுகள் எல்லாம் சேர்ந்து போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்தான். அக்காவிடம் நான் ஏற்கெனவே சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அதை மைக்கின் முன்னால் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அந்த வீடுகளில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் வெறிநாய்க்கடியில் செத்தார் என்று உங்களுக்குத் தெரியும். எந்த நாய் என்று தெரியவில்லை என்றுதான் இன்றுவரை எல்லாரும் பேசிக்கொள்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு அக்கா முதன்முதலாக வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். எங்கள் அலுவலகத்துக் கிடங்கில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை மடியில் கட்டாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகு என்று பெயரும் வைத்துவிட்டேன். நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். எங்கள் வீட்டில் நாய் வளர்த்த வழக்கமே கிடையாது. மிளகு வந்த நாலாம் நாள் சரியாக விளக்கு மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூத்திரம் பெய்தான். நான் அவன் கழுத்தைப் பிடித்து மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், குட்டியைப் பழக்க நான் கூப்பிட்டிருந்த அக்கா படியேறி வந்தார். கையில் மஞ்சள் குடை, தோளில் ஒரு துணிப்பை.

"விடு ராஜி, விடு மோளே. மூக்கைத் தேய்ச்சா அதுக்கு என்ன மனசிலாகும்? மூத்திரம் போனா இந்த அம்மா அடிப்பான்னு மட்டும்தான் மனசிலாகும். நாளையிலேர்ந்து கட்டிலுக்கு அடியிலே ஒளிஞ்சு போகும். திட்டினா ஒளிக்கும், கேட்டியா? ஒளிச்சா நமக்கு ஒண்ணும் தெரியாமப் போயிரும்."

அப்புறம் எனக்குப் பாடம் நடந்தது, குட்டிக்கு அல்ல. தூங்கி எழுந்ததும் வெளியே கொண்டுபோ. தின்று முடித்ததும் கொண்டுபோ. விளையாடி நின்றதும் கொண்டுபோ. தினமும் ஒரே இடம். அங்கே போய் வாயை மூடிக்கொண்டு நில். அவன் போன அந்த நொடியே கொஞ்சு, ஒரு துண்டு கொடு. ஒரு நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தாய் என்று அவனுக்குத் தெரியாது. "குட்டி தப்பு பண்ணலை. நேரத்தை விட்டது நீ," என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரே வாரத்தில் மிளகு கொல்லைப்புற முருங்கைமரத்தடியைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

அக்கா எதற்கும் பிஸ்கட் கொடுக்கமாட்டார். பையில் எப்போதும் வேகவைத்த கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது. பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வீட்டுப் பெரிய நாய் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மேலெல்லாம் தாவும். "உட்காருன்னு நூறு தடவை சொல்லிட்டேன், கேக்கலை," என்றார் அவர். "நூறு தடவை சொன்னா எப்படிக் கேக்கும் சேட்டா? ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் மிண்டாம, வாயைத் திறக்காம நில்லுங்க," என்று சொல்லி, கப்பைத் துண்டை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோனார். தலை மேலே போனது, பின்புறம் தானாகக் கீழே போனது. கடைக்காரர் கை தட்டினார். அக்கா அவரைப் பார்த்து, "நீங்களும் உட்காருங்க," என்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு முன்னால் அக்கா தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகும் குழுவில் இரண்டு வருஷம் வேலை செய்தவர். வலையில் மாட்டிய நாயிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வண்டியில் ஏற்றுவாராம். அவர் குடியிருந்த லைனில் சிலர் பட்டிபிடிக்காரி என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். இங்கே நாயைப் பட்டி என்பார்கள். அந்தச் சொல் வசவாகவும் ஓடும். "நாய் பிடிக்கிறதுக்கு எனக்குப் பேடி இல்லை ராஜி. ஊசிதான் பேடி," என்று ஒருநாள் சாயா குடித்தபடி சொன்னார். பேடி என்றால் இங்கே பயம். குழுவில் எல்லாருக்கும் தடுப்பூசி போட்ட நாட்களில் எல்லாம் இவருக்கு ஏதாவது ஒரு கல்யாணம், ஏதாவது ஒரு சாவு. கடைசிவரை ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு எனக்கு அடிக்கடி காதில் விழுகிறது.

குட்டிகளுக்குக் கடிக்காமல் இருக்கப் பழக்குவதற்கு அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். தன் கையையே வாயில் கொடுப்பார். குட்டி மெல்லக் கவ்வினால் சும்மா இருப்பார். பல் அழுந்தினால் "ஆவ்" என்று குட்டியைப் போலவே கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிடுவார். விளையாட்டு அதோடு முடிந்தது என்று குட்டிக்குப் புரியும். மூன்றே நாளில் பஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். மிளகும் கற்றுக்கொண்டான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் விடவில்லை. அக்கா கத்தினார், விடவில்லை. முகத்தைத் திருப்பினார், விடவில்லை. உருமவும் இல்லை. வாலும் ஆடவில்லை. பெருவிரலுக்குக் கீழே பல் இறங்கி ரத்தம் வந்தது. அக்கா தாடையை அழுத்தித்தான் கையை எடுத்தார்.

"இன்னிக்கு இவனுக்கு மனசு சரியில்லை. இன்னிக்குப் பழக்கம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டுக் கழுவினார். கழுவினார், கழுவினார், கால் மணி நேரத்துக்குக் குறையாது. சோப்பு பாதியாகிவிட்டது. எதற்கு இத்தனை அமர்க்களம் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "இன்னிக்குத் தேதி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். உதட்டுக்குள் எதையோ எண்ணினார். போகும்போது வெளிக்கதவைக் காட்டி, "இந்தத் தாழ்ப்பாளை நன்னாக்கச் சொன்னேனே. குட்டி ரோட்டுக்குப் போச்சுன்னா போச்சு," என்றார். அது இரண்டாவது தடவை.

தாழ்ப்பாளை நான் சரிசெய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிளகு வெளியே போய்விட்டான். மழையில் இரண்டு மணி நேரம் தேடினோம். கிடங்குச் சந்தில், எலிக்கு மருந்து வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தூக்கி வந்தோம். அன்றிலிருந்து அவன் தின்னவில்லை. கட்டிலுக்கடியில் போய் இருட்டில் படுத்தான். கூப்பிட்டால் வரவில்லை. குரல் கரகரத்துப் போனது. செவ்வாய்க்கிழமை வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பின்னங்கால் இழுத்தது. எலிமருந்தைத் தின்றுவிட்டான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. தாழ்ப்பாள், தாழ்ப்பாள் என்று அதுவே மண்டைக்குள் ஓடியது.

"அக்காவைக் கூப்பிடு," என்றார் என் கணவர். வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையத்தில் வேலை. அன்று ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். தாழ்ப்பாளைப் பத்திக் கேப்பா," என்றேன்.

"சரி, டாக்டர்ட்டயாவது காட்டலாம்."

"இந்த மழைல எப்படிக் கொண்டுபோறது? நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாளும் போகவில்லை. வியாழக்கிழமை காலை மிளகு செத்துக்கிடந்தான். முருங்கைமரத்தடியில் என் கணவர் குழி தோண்டினார். இரண்டடியிலேயே நீர் ஊறியது. அக்கா வருகிற நாளில், வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், பிறகு கூப்பிடுகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும். குட்டியின் பல் பட்ட பத்தாம் நாள் எங்கிருந்தாலும் கூப்பிட்டுக் குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பார். மரியாதைக்குக் கேட்கிறார் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்தோம்.

"எந்தா ராஜி, மிளகு எப்படி இருக்கான்?"

ஒரு நொடி. நிஜத்தைச் சொல்ல எனக்கு ஒரு முழு நொடி இருந்தது.

"நன்னா இருக்கான் அக்கா. காயத்ரி வந்திருந்தா. கேட்டா, கொடுத்துட்டேன். இடப்பள்ளிக்குக் கொண்டுபோயிட்டா." காயத்ரி என் மகள். அவள் வீட்டு அடுக்குமாடியில் மீன்தொட்டி வைக்கவே ஆயிரம் விதி.

"அதுக்குள்ளயா? தின்றானா?"

"நன்னாத் தின்றானாம்."

"ஹோ, சமாதானமாச்சு," என்றார் அக்கா. உள்ளே அடக்கிவைத்திருந்த மூச்சை விடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் சிரித்தார். "பட்டணத்துப் பிள்ளையாயிட்டான்."

நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று இருந்தது. இதைப் படிக்கிற உங்களுக்கு என்மேல் என்ன தோன்றுகிறதோ அது எனக்கும் தோன்றுகிறது. ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி, ஒரு தாழ்ப்பாளுக்காகப் பயந்து சொன்ன பொய் அது. அதுவும் வாழ்நாளில் ஒரு நாயைக்கூடத் திட்டாத ஒரு மனுஷியிடம்.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குப் பெருவிரலுக்குக் கீழே குறுகுறுப்பு. அப்புறம் காய்ச்சல். ஒரு காலை சாயா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டாராம். மின்விசிறியை நிறுத்து, நிறுத்து என்றாராம். ஆஸ்பத்திரியில் எந்த நாய் கடித்தது என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு குட்டியின் பெயராகச் சொல்லி, எல்லாம் வீட்டு நாய், எல்லாம் உயிரோடு சுகமாக இருக்கிறது என்று சாதித்திருக்கிறார். மருத்துவர்கள் நம்பவில்லை. முருகன் வீடு வீடாகப் போன் செய்தான். எனக்கும் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

"சேச்சி, உங்க மிளகு இடப்பள்ளியிலே சுகமா இருக்கு இல்லே? அம்மா சொன்னாங்க. சும்மா ஒண்ணு கேட்டுக்கறேன்."

இந்தத் தடவை நிஜத்தைச் சொன்னேன். செத்துப்போன நாள், எச்சில், பின்னங்கால், எல்லாம். அப்புறம்தான் முருகன் பத்தாம் நாளின் விஷயத்தைச் சொன்னான். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் அதற்கு நோய் இல்லை என்று அக்கா குழுவில் கேட்டுத் தெரிந்துகொண்டது. பத்தாம் நாள் குட்டி சுகம் என்றால் ஊசி வேண்டாம், இல்லையென்றால் அன்றைக்கே ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வேன் என்று மகனிடம் சொல்லிவைத்திருந்தாராம். ஊசிக்குப் பயந்து அவர் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. கடித்த அன்றே போட்டிருக்க வேண்டும், பத்து நாள் காத்திருப்பதே தப்பு என்று அன்று சாயங்காலம் எனக்கும் என் கணவருக்கும் ஊசி போட்ட மருத்துவர் கோபமாகச் சொன்னார். உங்கள் வீட்டிலும் பல் பட்டால் நாள் எண்ணாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே போங்கள்.

"இதை நான் அம்மாகிட்டே சொல்லப்போறதில்லை சேச்சி," என்றான் முருகன். "அவங்களுக்கு என்ன நோய்னு அவங்களுக்கே தெரியும். இந்த மாதிரி எத்தனை நாயைப் பாத்திருக்காங்க. காலைலேர்ந்து ஒரே பேச்சுதான். எங்கயோ ஒரு நாள் தப்பா எண்ணிட்டேன் முருகா, எங்கயோ கணக்கு தப்பிப்போச்சுன்னு."

அவன் சொல்லவில்லை. தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முருகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அக்கா சமையல்கட்டில் மாட்டியிருந்த நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்கா வீட்டில் தமிழ்தான் பேசுவார், எழுதுவது மலையாளத்தில். அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பென்சிலில் எண்கள். மிளகு செத்த வியாழக்கிழமை, ஆறாம் எண்ணின்மேல் என் விரல் நின்றுவிடுகிறது. திங்கட்கிழமைக் கட்டத்தில் பத்து என்று எழுதி வட்டம் போட்டு, பக்கத்தில் 'மிளகு, சுகம்' என்று எழுதியிருக்கிறார்.

செல்வி அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் தாள்தான். விளக்கு மாடத்தில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்து, புள்ளியிலிருந்து வட்டம் வரைக்கும் கட்டங்களை விரல் வைத்து எண்ணுகிறேன். அக்கா ஒரு நாள்கூடத் தப்பாக எண்ணவில்லை. பத்து சரியாக இருக்கிறது.