லிஸ்டில் இல்லாத இரண்டு எழுத்து

செவ்வாய்க்கிழமை காலையில் மாரிகால ஜாக்கெட்டுகள் வந்து இறங்கின. முப்பது ஜாக்கெட். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் அதைப் போடுகிறவரின் பெயரெழுத்து இரண்டு ஒட்ட வேண்டும். மேலே ஒபிசில் இருந்து லிஸ்டும் வந்தது. ஒரு தரம் பார்த்தேன். பிறகு விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்தேன். எங்கள் ட்ரெய்னரின் எழுத்து அதில் இல்லை. அது இருக்க வேண்டிய முதல் வரியில் நான் ஒருநாளும் ஒட்டாத வேறு இரண்டு எழுத்து இருந்தது.

1. உடுப்பறை

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். டோர்ட்மண்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு உதைபந்தாட்டக் கழகம். நாலாம் லீக். அதன் உடுப்பறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். தோய்ப்பது, காய வைப்பது, சூட்டு மெஷினில் எழுத்தும் நம்பரும் ஒட்டுவது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சில விஷயம். ஜெர்சியை உட்பக்கம் வெளியே வரத் திருப்பித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் நம்பர் உரியும். நாற்பது டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வாசத்துக்காக ஊற்றும் மென்மைத் தண்ணியை அண்டவே விடாதீர்கள், துணி வியர்வை குடிக்காது. புல்லுக் கறைக்கு மாட்டுப் பித்தம் சேர்த்த சவர்க்காரம். கோல்காப்பாளரின் கையுறை கையால் மட்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜெர்மன் எழுத்துகளை அந்தச் சூட்டு மெஷினில்தான் படித்தேன். வாசிக்கச் சொன்னால் தடுமாறுவேன். ஒட்டச் சொன்னால் ஒரு எழுத்தும் கோணாது. இருபத்திரண்டு வருடத்தில் பிழையான உடுப்பு ஒன்றும் என் அறையை விட்டு வெளியே போனதில்லை. அதை நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்கள் சொல்வார்கள்.

2. பைக்குள் இருந்த நாடுகள்

ட்ரெய்னர் ஒல்லாந்துக்காரர். அறுபதுக்குக் கிட்ட வயது. பெயர் எழுதமாட்டேன், எழுத்து மட்டும் சொல்கிறேன்: எச், வி. அவர் இருந்த வாடகை வீட்டில் மெஷின் இல்லை. அதனால் ஒவ்வொரு வியாழனும் பயிற்சி முடிந்ததும் ஒரு பையோடு கீழே வருவார். கழக மெஷினில் சொந்த உடுப்புத் தோய்க்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

"அதை எனக்கு வாசிக்கத் தெரியாது, ட்ரெய்னர்" என்றேன் முதல் நாள். அவர் சிரித்துவிட்டுப் பந்துக் கூடையைக் கவிழ்த்து அதில் இருந்தார். எல்லாரும் ஜெர்மனில் பேசியதை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் பைக்குள் பழைய கழகங்களின் பயிற்சிச் சேர்ட்டுகள்தான் இருக்கும். சைப்பிரஸ் ஒன்று, வெளிறிப் போனது. சவுதி ஒன்று. கானா ஒன்று. இந்தோனேசியா, பெல்ஜியம். அவருடைய உத்தியோகம் முழுவதையும் நான் கையால் பிரித்துத் தோய்த்திருக்கிறேன். காயும் வரைக்கும் கதை சொல்லுவார்.

"சைப்பிரசில விடிய வேலைக்குப் போறன், கார் விடுற இடத்தில என்ர பெயர்ப் பலகைக்கு வெள்ளை பூசியிருக்கு. அப்பதான் வேலை போனது தெரியும். சவுதியில டிரைவர் வரேல்லை. ரெண்டு மணித்தியாலம் ஹோட்டல் வாசல்ல நிண்டனான். பெல்ஜியத்தில முடி வெட்டிக்கொண்டு இருக்கேக்க ரேடியோவில சொல்லிப்போட்டாங்கள். பாதித் தலைதான் வெட்டினபடி."

"மிச்சப் பாதி?"

"வெட்டினவன்தான். காசு வாங்கேல்லை."

இப்படிப் பகிடியாகத்தான் சொல்லுவார். ஆனால் சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மெஷினில் சாய்ந்துவிடுவார். களைத்த மனிதர். அவர் நாடு நாடாகப் போக, மனைவி ஒல்லாந்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் இசை படிப்பித்துக்கொண்டு இருந்தார். லிஸ்ட் வருவதற்கு முந்தின வியாழன் ட்ரெய்னர் சொன்னார்:

"அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை மனுசி வேலையை விடுறன் எண்டு கடிதம் குடுக்கப் போறா. இஞ்ச வந்து என்னோட இருக்கப் போறா. இனி ஒரு இடமும் போறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். இந்த முறை உண்மையாத்தான்."

3. மேலே போய் நான் விட்ட பிழை

லிஸ்டில் எழுத்து இல்லை என்றதும் எனக்கு வந்தது கோபம். ஒபிசில் இருப்பது பெட்ரா. நல்ல பெண், ஆனால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு டைப் அடிக்கிறவள். போன வருடம் ஒரு விளையாட்டுக்காரனை இரண்டு தரம் போட்டு அனுப்பினவள். இதுவும் அவளுடைய பிழைதான் என்று எண்ணி, ஈரக் கையோடு மேலே போனேன். கதவு திறந்திருந்தது.

"என்ன பெட்ரா, ட்ரெய்னரையே மறந்து போனியே?" என்று சத்தமாகக் கேட்டேன்.

பெட்ராவின் முகம் சிவந்தது. அவளுக்குப் பின்னால் மனேஜர் நின்றார். அவர் வந்து கதவைச் சாத்தியபோதுதான் எனக்கு விளங்கியது. பிழை லிஸ்டில் இல்லை. லிஸ்ட் கீழே வந்ததுதான் பிழை.

"திங்கக்கிழமை புது ஆள் வாறார்" என்றார் மனேஜர். "சனிக்கிழமை மட்ச் முடியும்வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. நீங்கள் ஒண்டும் பாக்கேல்லை. விளங்குதோ?"

"வெள்ளிக்கிழமைக்கு முதல் அவருக்குச் சொல்ல ஏலாதோ?"

"ஏன் வெள்ளி?"

நான் சொல்லவில்லை. அது உடுப்பறைக் கதை. அதை மேலே கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை.

மைதானத்தில் புல்லு வெட்டுகிறவனின் பெயர் குணம், நம்முடைய பொடியன், சாவகச்சேரிப் பக்கம். மத்தியானம் அவனிடம் மட்டும் சொன்னேன்.

"அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. ட்ரெய்னர்மார் ட்ராம் மாதிரி, ஒண்டு போனா அடுத்தது வரும். இந்த வயசில உங்களுக்கு ஆர் வேலை தருவினம்?"

"அவற்ற மனுசி வேலையை விடப்போறா, தம்பி."

"அது அவையின்ர குடும்பம். உங்கட வேலை தோய்க்கிறது."

"உன்ர வேலை வெட்டுறது. போய் வெட்டு."

அவன் சொன்னது பிழையென்று சொல்ல மாட்டேன். பென்ஷனுக்கு எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஒன்றும் தெரியாமல் அவர் தூங்கினார், தூக்கம் எனக்குப் போனது.

4. வியாழன்

பையோடு வந்தார். கூடையைக் கவிழ்த்தார். காயவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டி முடித்த ஜாக்கெட்டுகள் கம்பியில் தொங்கின. அவர் அதைப் பார்த்தார்.

"என்ர எங்க?"

பொய் சொல்ல நல்ல வழி இருந்தது. எச் எழுத்து முடிந்துபோச்சு, நாளைக்கு வரும் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என் அறையில் எழுத்து முடிந்துபோனதாக ஒருநாளும் இருந்ததில்லை.

லிஸ்டை எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன். "முதல் வரியைப் பாருங்கோ, ட்ரெய்னர்."

பார்த்தார். மடித்தார். திரும்பவும் விரித்துப் பார்த்தார்.

"இந்த எழுத்து ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "நல்ல பெடியன்." லிஸ்டைத் திருப்பித் தந்தபடி கேட்டார்: "மேல உங்களைச் சொல்லச் சொன்னவையோ?"

"இல்லை. சொல்லக்கூடாது எண்டவை."

"அப்ப ஏன்?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அவர் கைபேசியை எடுத்தார். மெஷின் சத்தத்தில் பேச முடியாது என்று நான் அதை நிறுத்தினேன். ஒல்லாந்துப் பேச்சு எனக்கு விளங்காது. ஆனால் அவர் இரண்டு தரம் 'நே', அதாவது இல்லை, என்றார், பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வெளியே போகத் திரும்பினேன். இருங்கோ என்று கையால் காட்டினார். இருந்தேன். ஈரச் சேர்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் விரித்துக் கம்பியில் போட்டேன்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "கடிதம் குடுக்கேல்லை. மேசையில எழுதி வைச்சிருந்தவ." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பலகை, டிரைவர், ரேடியோ. ஒரு மனுசர் வாயால எனக்குச் சொன்னது இதுதான் முதல் தரம்" என்றார்.

மிச்ச உடுப்போடு மெஷினைத் திரும்பப் போட்டேன்.

5. பிறகு

சனிக்கிழமை ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்று மட்ச் நடத்தினார். ஒன்றுக்கு ஒன்று, சமநிலை. பழைய மழை ஜாக்கெட்தான் போட்டிருந்தார். திங்கள் காலையில் மேலே கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் கீழே வந்து அந்த ஜாக்கெட்டை மடித்து என் மேசையில் வைத்தார்.

"எழுத்தை உரிச்சுப்போட்டு அடுத்த ஆளுக்குக் குடுங்கோ. நல்ல ஜாக்கெட்."

உரித்தேன். வேலை வேலைதான். சூடு காட்டி உரித்தாலும் இடம் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் எச்சும் வியும் நிழலாக நிற்கும்.

மனேஜர் வந்து நின்றார். "ஆளின்ர முகத்தில ஒரு அதிர்ச்சியும் இல்லை. நீங்கள் சொன்னனீங்களோ?"

"ஓம். சொன்னனான்."

என்னைப் பார்த்தார். புதன்கிழமை மட்சுக்கு இருபது செட் தோய்க்கக் கிடந்தது. அதையும் பார்த்தார். நான் அப்போதே சொல்லிவிட்டேன்: "இனிமேல் ஆளுக்கு முதல் சொல்லிப்போட்டு எனக்கு லிஸ்டை அனுப்புங்கோ. இல்லாட்டி நான் ஒட்டமாட்டன்." அவர் மேலே போனார். அதற்குப் பிறகு இரண்டு ட்ரெய்னர் மாறினார்கள். இரண்டு தரமும் ஆளுக்குத் தெரிந்த பிறகுதான் லிஸ்ட் வந்தது.

வேலையில் நான் படித்தது இதுதான். ஒருவரைப் பற்றிய காகிதம் உங்கள் கைக்கு வந்தால், அது அவருடைய கைக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்று வருடம் போனது. ஒரு மாரிகாலத் தொடக்கத்தில் பெட்ரா கீழே வந்தாள். வழமையாக லிஸ்டை ஆள் விட்டுத்தான் அனுப்புவாள். அன்றைக்குத் தானே வந்து, பந்துக் கூடையைக் கவிழ்த்து அதில் இருந்தாள்.

"திருமதி புவனா, தை மாதத்தோட உங்கட பென்ஷன். உங்கட இடத்துக்கு ஒரு பெண் வாறா. உங்களுக்கு முதல் சொல்ல வேணும் எண்டு வந்தன்."

"சரி" என்றேன். "இப்ப லிஸ்டைத் தா."

எப்போதும் நான் இருக்கிற கடைசி வரியில் என் எழுத்து இல்லை. வேறு இரண்டு எழுத்து இருந்தது. மெஷினைச் சூடாக்கி, அதை நானே ஒட்டினேன். கோணவில்லை.